பத்து மணி ரயில் போகும்வரை

சுவிட்சர்லாந்து மலை விடுதி
4 ஜனவரி 1936

என் பெண்சாதி நூர்ஜானுக்கு, குளிரில் மூக்குச் சிவந்துபோன உன் புருஷன் ஹபீப் முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். எலும்புகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை மனதுக்குள் படி. பக்கத்து வீட்டு மஹ்பூபா சுவரில் காதை வைத்திருப்பாள். அவள் காதில் விழுந்தால் அஸர் தொழுகைக்குள் சூலியா ஸ்ட்ரீட் முழுக்கப் போய்விடும்.

இங்கே வானத்திலிருந்து பனி விழுகிறது. பாசாரில் மீன் பெட்டிக்குள் தூவுவார்களே உடைத்த ஐஸ், அதை ஒரு மலை முழுக்கக் கொட்டி வைத்ததாக நினைத்துக்கொள். இதற்காக வெள்ளைக்காரர்கள் கப்பலேறி, ரயிலேறி வந்து, காலில் ஆளுயரப் பலகை இரண்டைக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து சறுக்கி விழுகிறார்கள். எழுந்து மறுபடி ஏறி, மறுபடி விழுகிறார்கள். இதற்குப் பெயர் விடுமுறை.

மூன்றாம் நாள் துரை மகன் ராபர்ட் என் காலிலும் பலகையைக் கட்டிவிட்டான். எட்டு வயதுப் பிள்ளை, முட்டியை மடக்கு குக்கி, முட்டியை மடக்கு என்று மலாயில் கத்துகிறான். வயிற்றைத் தாண்டி என் முட்டியைப் பார்த்துப் பத்து வருஷமாகிறது, எதை மடக்குவது? போய் நின்றது ஒரு கிழவியின் நாற்காலியில். விடுதியில் ஆறு பேர் என்னைப் படம் பிடித்திருக்கிறார்கள். லண்டனில் யார் வீட்டுச் சுவரிலாவது தலைகீழாகத் தொங்குவேன்.

ஒரு குக்கியை, சமையல்காரனை, எதற்கு இவ்வளவு தூரம் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டாயே. ஆயாதான் புக்கிட் மெர்தாஜாமில் மகளுக்குப் பிரசவம் என்று நழுவிவிட்டாள். சின்னவள் மார்ஜிக்கு ஆறு வயதாகியும் என் கையால் ஊட்டினால்தான் சோறு இறங்கும். இங்கே பன்னிரண்டு சமையல்காரர்கள் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ஒரு மூலையில் கஞ்சி காய்ச்சுகிறேன். நோய் பரப்ப வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

இனி ஒரு ரகசியம். பிள்ளைகள் இருவரும் பினாங்குக்குத் திரும்பப் போவதில்லை. மேமுடைய சித்தி இங்கே வந்து, அவர்களை இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகப் போகிறார். இந்த விளையாட்டெல்லாம் அதற்கு முன்னால் கொடுக்கும் மிட்டாய். பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கக் கூடாது என்று மேம் உத்தரவு. நம் ஊரிலேயே வளர்ந்தால் வெள்ளைக்காரப் பிள்ளைகளாக இருக்க மாட்டார்களாம்.

கப்பல் படியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதற்கு இதுதான் பதில். திரும்பி வரும்போது கொழும்பில் இறங்கி நாகூர் போங்க, சல்மாவைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி நீங்களும் வர வேணாம்லா என்றாய். நாலு வருஷமாக இதே பேச்சு. நம் சல்மாவுக்கு ஐந்து வயதானபோது நாகூரில் லாத்தா என்ன சொன்னாள்? பினாங்கில் வளர்ந்தால் பெண் பாதி மலாய்க்காரி ஆகிவிடுவாள், ஊரில் யார் கட்டுவார்கள், என் வீட்டில் வளரட்டும் என்றாள். என்னுடன் பிறந்தவள்தானே, அந்நியமா? துரைமாரே பிள்ளைகளை அவர்கள் ஊரில் விட்டுவிட்டுத்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் செய்தால் நாகரிகம், இந்தக் குக்கி செய்தால் கல் நெஞ்சா? யோசித்துப் பார். மீதியை வந்து பேசலாம்.

உன் சமையலுக்கு ஏங்கும்,
ஹபீப் முகம்மது

*

மார்செய்ல்ஸ் துறைமுகம்
19 ஜனவரி 1936

நூர்ஜானுக்கு ஸலாம்.

நான் ஏறும் கப்பலில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. ஆனால் நான் கொழும்பில் இறங்கிவிடுவேன். கடிதம் மட்டும் பினாங்குக்கு வரும். நாகூர் போகிறேன். துரையிடம் விடுப்புக் கேட்டேன், தலையாட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் எதற்கும் தலையாட்டுகிறார். மேம் அறைக்குள்ளேயே இருக்கிறார்.

ஏன் மனம் மாறினேன் என்று சொல்லத்தான் வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மேம் என்னைத் தனியே கூப்பிட்டார். நாளைக் காலையில் பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போ, பத்து மணி ரயில் போகும்வரை கீழே கொண்டுவராதே என்றார். பிள்ளைகள் அழுதால் தன்னால் ரயிலேற முடியாதாம். சொல்லி முடிக்கும்வரை கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

அன்று நான் மிகவும் வேடிக்கையாக இருந்தேன், நூர்ஜான். வேண்டுமென்றே ஏழு தடவை விழுந்தேன். ஒரு தடவை பனிக்குள் தலையை விட்டுக்கொண்டு காலை ஆட்டினேன். ராபர்ட் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். என் ஆயுளில் அவ்வளவு நன்றாக யாரையும் சிரிக்கவைத்ததில்லை. கீழே ரயில் கூவியது. யார் போறாங்க குக்கி என்று மார்ஜி கேட்டாள். யாரோ வெள்ளைக்காரர்கள் என்றேன்.

அப்புறம் அந்தச் சித்தி குடையை ஊன்றிக்கொண்டு மேலே வந்து விஷயத்தைச் சொன்னார். ராபர்ட் குனிந்து பலகையைக் கழற்ற ஆரம்பித்தான். வார் அவிழவில்லை. அவிழ்த்துக்கொண்டே இருந்தான். மார்ஜி சித்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். குக்கிக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, பாவம் குக்கி, உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா என்றாள். என்னைத் தேற்றினாள், நூர்ஜான். மூன்று மணி ரயிலில் நானும் கிளம்பிவிட்டேன்.

ரயிலில் எனக்குத் தூக்கம் இல்லை. இனி நான் எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி. நாகூரில் சல்மாவை விட்ட அன்று நானும் இதைத்தான் செய்தேன். தர்கா புறாக்களுக்குப் போட்டுவிட்டு வா என்று அவள் கையில் தானியப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, குதிரைவண்டி ஏறி நாகப்பட்டினம் கப்பலுக்குப் போய்விட்டேன். சிரித்துக்கொண்டே கைகாட்டி வழியனுப்பினாள் என்று உன்னிடம் சொன்னது பொய். வருகிறவர்களுக்கெல்லாம் என் பிள்ளை இப்படிக் கைகாட்டினாளாம் என்று நாலு வருஷமாக நீ கையை ஆட்டிக் காட்டுகிறாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். லாத்தா மண்ணில் புரண்டாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஹபீப் முகம்மது

*

நாகூர்
18 பிப்ரவரி 1936

நூர்ஜானுக்கு ஸலாம். இந்த வாரக் கப்பலில் கடிதத்துக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. அடுத்த வாரம் ஏறுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் வந்துவிடுவேன்.

லாத்தாவோடு சண்டை போட ரயிலிலேயே வசனமெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வீணாய்ப் போயிற்று. உன் மவதானே, கூட்டிட்டுப் போ, ஆனா அவகிட்டயே கேட்டுக்க என்று சொல்லிவிட்டு அவள் மீன் ஆயப் போய்விட்டாள்.

சல்மா வளர்ந்திருக்கிறாள். தலையில் முக்காடு போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, வாங்க என்றாள். வீட்டுக்கு வரும் தரகரை வாங்க என்பார்களே, அந்த வாங்க. சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கிவந்த மரக்கரடியைக் கொடுத்தேன். பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டாள். பனியில் விழுந்த கதையைச் சொல்லி, கூடத்தில் விழுந்தும் காட்டினேன். லாத்தா வீட்டுப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சல்மா மட்டும் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரமாக அவள் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. லாத்தா கடைக்கு அனுப்பினால் போவதில்லை. குர்ஆன் ஓதப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்கிறாள். எனக்கு விளங்க நாலு நாள் ஆயிற்று. விளங்கிய பிறகு சோறு இறங்கவில்லை. சாப்பிடாமல் நான் இருந்தேன் என்றால் உனக்கே தெரியும்.

நேற்றுக் கேட்டேன். உம்மாவிடம் போகலாம் வா, பினாங்குக்கு வா என்றேன். அங்க வந்தா மறுபடி எப்ப அனுப்புவீங்க என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகும் நேரத்தைக் கேட்பதுபோல் கேட்டாள். அனுப்பவே மாட்டேன் என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். பெரியவர்கள் பேசினால் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினாள். நான் வரல வாப்பா, நீங்க போற அன்னிக்கு மட்டும் சொல்லிட்டுப் போங்க என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, உம்மா உயரமா இருப்பாங்களா என்று கேட்டாள். இவ்வளவு என்று என் காதுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக் காட்டினேன். அவள் எழுந்து வந்து அந்தக் கைக்குக் கீழே நின்று பார்த்தாள். இன்னும் ஒரு முழத்துக்கு மேல் வளர வேண்டும்.

தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒன்பது வயதுதான், என் மகள்தான், யார் தடுப்பார்கள்? ஆனால் இன்னொரு தடவை அவள் மனம் இல்லாமல் அவளை ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்க எனக்குக் கை வரவில்லை.

தனியாகத்தான் இறங்குவேன். நீ கப்பல் ஜெட்டிக்கு வா. நான் இறங்கும்போது என் பின்னால் எட்டிப் பார்க்காதே. அது ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியாது. வீட்டுக்கு வந்தபிறகு என்ன வேண்டுமானாலும் சொல். பதிலுக்கு வேடிக்கை பேச மாட்டேன்.

பெருநாள் முடிந்து முதல் கப்பலில் நீ இங்கே வா. கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லாதே. வந்த அன்றே, எத்தனை நாள் இருப்பாய், என்றைக்குத் திரும்புவாய் என்று அவளிடம் சொல்லிவிடு. சொன்ன நாளில் சொன்னபடி போ. முடிந்தால் போகாதே. என்னை நினைத்துக் கவலைப்படாதே. எனக்குச் சமைக்கத் தெரியும்.

அவள் முகம் உன் கையில் படும் நாளை அல்லாஹ் சீக்கிரம் தரட்டும்.

ஹபீப் முகம்மது