இரண்டாகக் கழலும் துடுப்பு

ஒட்டாவா,
4-3-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் சின்னப் படகில் பாறை ஆறுகளில் போவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் ஓர் உதவி வேண்டும். ஆற்றின் நடுவில் துடுப்பு ஒடிந்தாலோ கைநழுவிப் போனாலோ, படகுக்குள் இன்னொன்று இருக்க வேண்டும். என் படகு குட்டை. முழுத் துடுப்பு உள்ளே அடங்காது. இரண்டாகக் கழற்றி வைத்து, அவசரத்துக்கு மாட்டிக்கொள்கிற மாதிரி வேண்டும். மொத்த நீளம் 142 செ.மீ. இங்கே கடையில் கிடைப்பவை எனக்கு நீளம். அளவு என்றால் நான் உங்களைத்தான் நம்புவேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி நண்பர்களோடு மூன்று நாள் ஆற்றுப் பயணம் கிளம்புகிறேன்.

அடுத்த கோடையில் நீங்களும் இங்கே வந்து, பெரிய படகில் எனக்கு முன்னால் உட்கார வேண்டும். அசையாத ஏரியில்தான், பயப்படாதீர்கள். மிதவைச் சட்டை வாங்க உங்கள் மார்பளவைப் போனில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தென்காசி வெயிலைப் பற்றிச் சொன்னீர்கள்.

உங்கள் மகள்,
உமா


தென்காசி,
22-4-2024

அன்பு மகள் உமாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. என்னிடம் கேட்டதற்கு நன்றி. கேட்டது சரியான ஆளிடம்தானா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித்துறையில் பாலங்களுக்குப் படம் வரைந்தேன். அவற்றின் அடியில் ஓடிய தண்ணீரில் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை.

மூன்று படங்கள் வரைந்து, இரண்டைக் கிழித்தேன். கைப்பிடித் தண்டு வெண்தேக்கு, செங்கோட்டையில் வாங்கினேன். தண்ணீரைத் தள்ளும் தட்டு ஒட்டுப்பலகை. ஒரு பாதியின் முனையில் பித்தளைக் குழாய், மறு பாதியில் அதற்குள் நுழையும் மரமுளை. குழாயைப் பக்கத்து லேத் பட்டறைப் பரீது கடைந்து கொடுத்தான். மாட்டிப் பார்த்துவிட்டு, "மயிரிழைகூட ஆடலையே அண்ணாச்சி, கல்யாணம் முடிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு" என்றான். எனக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

நீ கேட்ட மற்றொன்று. இங்கே இப்போது வெயில் முப்பத்தொன்பது டிகிரி.

ஆசிகளுடன்,
அப்பா நாறும்பூநாதன்


ஒட்டாவா,
20-5-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தோடு வந்த துடுப்பின் படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் உடனே அனுப்ப வேண்டாம். முதலில் துடுப்பையும் கைகளையும் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பாருங்கள். இருபது எண்ணுவதற்குள் மாட்ட வேண்டும். ஆற்றில் அதற்கு மேல் நேரம் கிடைக்காது.

மார்பளவு?

உமா


தென்காசி,
28-6-2024

அன்பு மகள் உமாவுக்கு,

வீட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதால், காலை ஆறு மணிக்குப் பரீதின் வண்டியில் ஐந்தருவிக்குப் போனோம். துடுப்போடு வரிசையில் நின்றேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருவர், "பெரியவரே, அருவியில வள்ளம் விடப் போறீராக்கும்?" என்றார். "ஆமா, இங்கன ஏறி கனடாவுல எறங்குவாரு" என்றான் பரீது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

அருவிக்கு அடியில் நின்றேன், உமா. என் அறுபத்தொன்பது வயதில் இதுதான் முதல் முறை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். நுழையவில்லை. இருநூறு வரை எண்ணினேன். மரம் ஊறி உப்பிவிட்டது. மின்விசிறிக்குக் கீழே, உலர்ந்த கையோடு பார்த்துப் பார்த்துச் செய்த பொருத்தம் அது. அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அருவியிலேயே நின்றுவிட்டேன். பரீதுதான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் நீ சிற்றாற்றுப் படியில் வழுக்கி விழுந்தாய். நான் உன் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். கால் எழவில்லை. யாரோ ஓர் அம்மாள் புடவையோடு இறங்கி உன்னைத் தூக்கினார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. அன்று வீடு திரும்பியதும், "இனி தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது" என்று உன்னைத்தான் திட்டினேன்.

துடுப்புக்கு வருகிறேன். ஆய்க்குடியில் ஊன்றுகோல்களைப் பழுது பார்க்கும் முத்துசெல்வி என்ற பெண்ணிடம் பரீது அழைத்துப் போனான். அவளும் ஊன்றுகோலில் நடப்பவள். என் வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு இறுக்கமா யாராச்சும் செய்வாவளா சார்? மண்ணு போச்சுன்னா ஏழு பேரு இழுத்தாலும் வராது. கொஞ்சம் லூசு விடணும். நான் மழையில விழுந்து கெடக்கும்போது கம்பு ஒரே தட்டுல மாட்டணும்லா?" என்றாள். பழைய ஊன்றுகோல் ஒன்றிலிருந்து அலுமினியக் குழாய்களையும், உள்ளிருந்து துள்ளி வரும் பட்டனையும் கழற்றித் தந்தாள். "டக்குனு சத்தம் கேட்டாப் போதும், பாக்கவே வேண்டாம்."

பித்தளைக்கும் மரமுளைக்கும் பதிலாக அவற்றைப் பொருத்தி, பட்டன் வந்து விழத் துளை ஒன்றுதான் போட்டிருக்கிறேன். தவறாக மாட்ட வழியில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஐந்தருவி. ஒன்பது எண்ணுவதற்குள் 'டக்'. கையில் பிடித்தால் லேசாக ஆடுகிறது. பொறுத்துக்கொள். நாளை தபாலில் அனுப்புகிறேன். சரியாக வந்திருக்கிறதா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஆசிகளுடன்,
அப்பா


ஒட்டாவா,
2-9-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

துடுப்பு ஜூலை கடைசியிலேயே வந்துவிட்டது. பயணம் முடிந்து எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் துடுப்பு எனக்குத் தேவைப்படவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு துடுப்பு வைத்திருப்பவர் அதைத் தனக்காக மட்டும் வைத்திருப்பதில்லை. கூட வருகிறவர்களில் யார் இழந்தாலும் அவருக்குத்தான். இரண்டாம் நாள் பீட்டரின் படகு பாறையில் மோதியது. அவருக்கும் உங்கள் வயதுதான். துடுப்பு போய்விட்டது. ஆற்றின் நடுவில், படகைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். நான் பாறையை ஒட்டிப் போய் இரண்டு துண்டுகளையும் நீட்டினேன். எப்படி மாட்டுவது என்று சொல்ல நேரமில்லை. தண்ணீர் இரைச்சலிலும் அந்த 'டக்' எனக்குக் கேட்டது. தானே துழாவிக் கரைக்கு வந்தார். "யார் செய்தது?" என்று கேட்டார். சொன்னேன். பயணம் முடியும்வரை திருப்பித் தரவே இல்லை.

நீங்கள் செருப்போடு நின்றது எனக்கு நினைவில்லை, அப்பா. நீங்கள் கத்தியது நினைவிருக்கிறது. "ஏ, பிள்ள, பிள்ள" என்று. துணி துவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அதைக் கேட்டுத்தான் திரும்பினார். அவ்வளவு சத்தமாக நீங்கள் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அதற்கு நன்றி சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

மார்பளவு இனிமேல் கேட்க மாட்டேன்.

உமா


தென்காசி,
25-9-2024

அன்பு மகள் உமாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அம்மா சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பாதியில் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். மீதியை அவளே படித்தாள்.

ஆய்க்குடிக்குப் போய்ச் சொன்னேன். "அப்போ என் கம்பு கனடா ஆத்துல நீச்சலடிக்குதா?" என்று முத்துசெல்வி சிரித்தாள். பிறகு, "அந்தப் பெரியவரு நல்லா இருக்காராமா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். பரீது அதே மாதிரி இன்னொரு ஜோடிக் குழாய் கடைந்து வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டால், "யாருக்காச்சும் ஆவும்லா அண்ணாச்சி" என்கிறான்.

பீட்டருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் கை நன்றாகப் பழகிய கையாக இருக்க வேண்டும். துடுப்பால் மட்டும் ஆகியிருக்காது. நீ ஆற்றில் விழுந்த அன்று கரையில் நின்றதை மட்டும்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தியதை நீ சொல்லித்தான் அறிந்தேன்.

நன்றி அம்மா.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: மூச்சை இழுத்தால் 94 செ.மீ., விட்டால் 90. மூன்று முறை அளந்தேன். பரீது ஒரு முறை சரிபார்த்தான்.