என் மேல் நானே கொடுத்த புகார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மா என்னைவிட ஒரு படி கூடுதல் நலம், ஏன் என்பது போகப் போகத் தெரியும். உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், போனில் மாப்பிள்ளைக்கும் இருமல் கேட்டது, ஒரே மருந்தை இரண்டு பேரும் மாறி மாறிக் குடிக்காமல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். சைக்கிள் பாதை விஷயத்தை அம்மா உன்னிடம் பாதி சொல்லி, மீதியைச் சிரித்து முடித்துவிட்டாள். நடந்தது நடந்தபடி நான் எழுதுகிறேன், அவள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன் நம் தெருவில் ரப்பர் கம்பம் நட்டுச் சைக்கிள் பாதை போட்டார்களே, அதனால் வாசலில் கார் நிறுத்தும் இடம் போய், நான் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கடிதம் போட்டேன். உன் அப்பா முப்பத்தோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் மறுப்புக் கடிதம் எழுதியே குடும்பம் நடத்தியவன், கை சும்மா இருக்குமா. போட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை, பிறகு நானே மறந்துபோனேன். அதற்குள் அம்மா, ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நர்ஸின் சைக்கிளை வாங்கி, அதே பாதையில், ஐம்பத்து மூன்று வயதில், முழங்காலில் இரண்டு தழும்போடு ஓட்டக் கற்றுக்கொண்டாள். இருபத்து நாலு வருடம் அவளை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுவிட்டவன் நான். கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பெட்ரோல் போட்டு, ஒருநாளும் ஏழு மணிக்கு நேரத்தோடு விட்டதில்லை. சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள்கூடப் பிந்தவில்லை, இரண்டு மாதத்துக்கு முன் டயாலிசிஸ் வார்டுக்கே பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. கார் போகும் இடத்தை எடுத்துப் போட்ட சைக்கிள் பாதைகளை நகராட்சி தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கக் கூடாதாம், முதல் கட்டமாக ஐந்து தெருக்களில் பிடுங்கப் போகிறார்களாம், பட்டியலில் மூன்றாவது நம் தெரு. செய்தி வந்த அன்று சாப்பிடும்போது அம்மா சத்தமே போடாமல் ஒன்று சொன்னாள், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்டும் தைரியம் எனக்கு இல்லை, மறுபடி உங்கள் காரில் ஏறி வார்டில் தலைகுனிந்து நுழையவும் மாட்டேன், பாதையை எடுத்தால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று. அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை, சாதாரணமாகச் சொன்னால் சொன்னபடி செய்துவிடுவாள். தெருவே கொதித்தது. மருந்துக்கடைக்காரர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார், நம் தெருவில் எழுதத் தெரிந்தவர் நம்ம சார்தான் என்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு பக்கம் தயார் செய்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட அரங்கில். இருநூறு பேர் இருக்கும், ஆறு மின்விசிறியில் நாலுதான் சுற்றியது. துறையிலிருந்து வந்த அம்மணி மரியாதையானவர், கோப்பைத் திறந்து, இந்தப் பாதை யாருக்கும் பயன்படவில்லை என்பதற்கு உங்கள் தெருவின் மூத்த குடியிருப்பாளர் ஒருவரின் நேரடிச் சாட்சியே இருக்கிறது, பெயரைத் தவிர்த்து வாசிக்கிறேன் என்றார். காலை முதல் மாலை வரை அடியேன் ஜன்னலோரம் அமர்ந்து எண்ணியதில், மேற்படி பாதையில் பயணித்தவை ஒரு பூனையும் இரண்டு காகங்களும் மட்டுமே, அவற்றிலும் காகங்கள் பாதி தூரத்தில் பறந்துவிட்டன என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று வாசித்து முடித்தார். அரங்கம் சிரித்தது, மருந்துக்கடைக்காரர் எவன்டா அந்தப் புண்ணியவான் என்று பல்லைக் கடித்தார். எனக்குப் பூனை வந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு 'மேற்படி'யிலேயே தெரிந்துவிட்டது. அவள் திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்தது.

ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். நாலு பக்கத்தையும் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு, அந்தப் பூனைக் கடிதம் நான் எழுதியதுதான் என்றேன். அம்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்ல வந்தது பொய்யா என்று கேட்டார். இரண்டும் உண்மை, ஆனால் நான் எண்ணியது பாதை திறப்பதற்கு நாலு நாள் முன்னால், இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள், கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை என்றேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அப்போதுதான் அம்மா எழுந்தாள். "அவர் எண்ணினதை விடுங்கம்மா. நான் தினமும் அந்த வழியிலதான் வேலைக்குப் போறேன், எனக்காக இருபது நோயாளிங்க காத்திருக்காங்க. பாதையை எடுத்துட்டா நான் இவர் காரை நம்பணும். பூட்டின பாதையில வண்டி எண்ணின மனுஷனை நம்பி நீங்க போவீங்களா?" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை இவ்வளவு மட்டமாக யாரும் பேசியதில்லை, இவ்வளவு கைதட்டலும் யாருக்கும் கிடைத்ததில்லை.

கடிதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள், பார்க்கலாம் என்றார் அம்மணி. திங்கட்கிழமை துறை அலுவலகத்துக்குப் போனேன். திரும்பப் பெறுவதற்குப் படிவமே கிடையாதாம், தவறான சாட்சி சொன்னவர்மேல் புகார் கொடுக்கத்தான் படிவம் இருக்கிறதாம். வாங்கி நிரப்பினேன். புகார்தாரர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், எதிர்மனுதாரர் பெயர் என்ற இடத்திலும் என் பெயர், இருவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் நெடுநாள் பழக்கம் என்று எழுதினேன். குமாஸ்தா முத்திரை குத்தினார். பத்தாம் நாள் தபாலில் அறிவிப்பு வந்தது, தங்கள்மீது வந்த புகாருக்குப் பதினாலு நாளில் விளக்கம் தரவும், சாட்சி மீதான விசாரணை முடியும்வரை மேற்படி பாதை இருந்தபடியே இருக்கும் என்று. மற்ற நாலு தெருவிலும் போன வாரம் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள், பார்க்கப் பொக்கை வாய் மாதிரி இருக்கிறது. நம் தெருவில் மட்டும் நிற்கிறது.

எந்தக் கடிதத்துக்கும் மறுநாளே பதில் போடுகிறவன் நான், அன்றே பேனாவை எடுத்தேன். அம்மா பேனாவைப் பிடுங்கி, அவசரப்பட்டு உங்களோடு நீங்கள் சமாதானம் ஆகிவிடாதீர்கள் என்றாள். அதனால் எதிர்மனுதாரர் என்ற முறையில் ஆவணங்களின் நகல் கேட்டு அவகாச மனு போட்டேன், புகார்தாரர் என்ற முறையில் அவகாசம் தரக் கூடாது என்று ஆட்சேப மனுவும் போட்டேன். இப்போது அந்த ஆட்சேபத்தை விசாரிக்கிறார்கள். இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது, அரசாங்கத்தை ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று காலையும் ஆறே முக்காலுக்கு அம்மா மணியடித்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

நீங்கள் இருவரும் ஆரோக்கியமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை வந்தாலும் அன்றன்றே முடித்துக்கொண்டு நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. துறையிலிருந்து உன்னை அழைத்து உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று விசாரித்தால், யாரோடும் லேசில் ஒத்துப்போகாதவர் என்று சொல். உண்மையைச் சொல்ல உனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

இப்படிக்கு,
புகார்தாரரும் எதிர்மனுதாரருமாகிய
உன் அப்பா