கையில் துண்டோடு நின்றவர்

மார்ச் 3

என் ஹோம் மினிஸ்டருக்கு,

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

முட்டிவலி பரவாயில்லை. நம் ஸ்கூலுக்கு எதிரில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல்காரன் இன்னும் இரண்டு புது வண்டி இறக்கிவிட்டான். நம்மிடம் அதே ஓட்டை வண்டி, அதே நான். இந்த மாதம் சேர்ந்தது ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர்தான். அவரும் பிரேக்கை மிதிப்பதே பாவம் என்று நினைக்கிறார்.

நீயும் சின்னவளும் பார்த்த குத்துச்சண்டைப் படத்தை நானும் பார்த்துவிட்டேன். கடைசியில் அழுதேன், சிரிக்காதே. ஹீரோ பாயிண்டில் தோற்றுப்போகிறான். ஆனால் மணி அடிக்கும்வரை விழவில்லையே, அதுதான் அவன் ஜெயித்தது. நம் கதைதானே அது? இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.

உன் டிரைவிங் மாஸ்டர்

மார்ச் 11

என்னங்க,

சிரிக்கவில்லை. நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். கால் மரத்துப்போயிருக்கிறது.

நீங்கள் அவனைப் பார்த்தீர்கள். நான் அவனுடைய கோச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரிங்குக்குள் துண்டை வீசினால் சண்டை அதோடு நின்றுவிடும். "வீசாதீங்க சார்" என்று அவன் கெஞ்சுகிறான், கையில் துண்டோடு அவரும் சும்மா நிற்கிறார். தியேட்டரே கைதட்டியது. எனக்கு அந்த ஆள்மேல் எரிச்சலாக வந்தது. கடைசிக் காட்சியில் அவனுக்கு ஒரு கண் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் யார் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டார்கள் என்று படத்தில் காட்டவில்லை.

அவனுக்காவது மணி அடித்தார்கள். உங்களுக்கு யார் அடிப்பார்கள்? அந்த ஊருக்குப் போனதிலிருந்து 'இன்னும் ஒரு வருஷம்' என்கிறீர்கள். நானும் அந்த ஆளைப் போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். இனிமேல் என்னால் முடியாதுங்க.

வண்டி என் பேரில்தானே இருக்கிறது. அண்ணனிடம் விற்கச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் வாங்குகிற ஆளோடு வருவார், சாவியைக் கொடுத்துவிடுங்கள். திட்டுவதென்றால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

உன்னை என்னவென்று கூப்பிட்டு ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

உன் அண்ணன் வந்தார். சாவியைக் கேட்டதும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். மனுஷர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நானே கொடுத்துவிட்டேன். வாத்தியாரை எதிர் ஸ்கூலிலேயே சேர்த்துவிட்டேன், அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

உன்மேல் கோபம் தீரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டாய். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் படுத்தவன் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்றோ.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வந்ததும் வராததுமாக ஜெயித்தது தோற்றது என்று எதையும் பேச ஆரம்பிக்காதே. "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேள்.

நான்