ஆடுகள் குடித்த ஈரம்

யெனிகுயு கிராமம்
20 மார்ச் 1974

ரிஃபத் அண்ணாவுக்கு,

நம் நிலத்துத் தண்ணீரை ஹாஜி ரெம்ஸியின் ஆடுகள் குடிக்கின்றன. குடிக்க விட்டவன் நீ.

உன் கைகளில் முத்தம். நான் நலம். கொன்யாச் சமவெளி முழுக்கப் பனி உருகிவிட்டது. அப்பா விட்டுப்போன மேற்கு வயல் இந்த வருடம் தரிசு. நேற்றுத் தோண்டிப் பார்த்தேன். முழங்கால் ஆழத்து மண்ணும் கையில் உருண்டையாகப் பிடிக்கிறது! இந்த ஈரத்தை அக்டோபர் வரை காப்பாற்றிவிட்டால், கோதுமை விதைக்க வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் மே ஆறு, ஹிதிரெல்லஸ் திருநாள் வரை தரிசை உழக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதற்குள் களை முளைத்து ஈரத்தை உறிஞ்சிவிடும். களையை ஆடு தின்னும். ஊரில் நானூறு ஆடு வைத்திருப்பவர் ஒருவர்தான். வழக்கம் யாருக்காக என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இப்போதே உழப்போகிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை
குல்சும்

டோர்ட்முண்ட்
2 ஏப்ரல் 1974

என் கண்ணே குல்சும்,

உன் கண்களில் முத்தம். கடிதத்தைப் பிரித்ததுமே கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. என்னோடு தங்கியிருக்கும் மற்ற மூவருக்கும் வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சிய இங்க கூட்டிட்டு வா, ஃபோர்மேனை அவ பாத்துக்குவா" என்கிறார்கள்.

ஆனால் உழாதே. ஹாஜி நகரத்தில் போய்ப் பேசியதால்தான் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் ஏறியது. காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் அவருக்கு வாக்குக் கொடுத்தேன், நான் திரும்பும்வரை நம் தரிசு அவருடைய ஆட்டுக்கு என்று. ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள். பூப்போட்ட கம்பளிச் சால்வை அனுப்புகிறேன்.

உன் அண்ணன்
ரிஃபத்

யெனிகுயு
11 ஏப்ரல் 1974

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உழுதுவிட்டேன்.

டிராக்டர்க்கார இத்ரிஸ் முதலில் மாட்டேன் என்றான். "ஹாஜி என் டயரைக் கிழிச்சிடுவாரு அக்கா." "சரி, இறங்கு. நானே ஓட்டிக்கறேன்" என்றேன். வெட்கம் வந்துவிட்டது, ஓட்டினான்.

பாதி வயல் முடிந்தபோது ஹாஜி குதிரையில் வந்தார்.

"யாரைக் கேட்டு உழறே, பொண்ணே?"

"மண்ணைக் கேட்டு, ஹாஜி மாமா. ஆட்டுக்குத் தாகம்னா கிணத்துக்கு ஓட்டுங்க."

இத்ரிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் டிராக்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்!

உன் வாக்கை உடைத்தேன், தெரிந்தேதான். நீ வாக்குக் கொடுத்த நிலத்தில் பாதி என்னுடையது. என்னை யார் கேட்டீர்கள்?

சால்வை வேண்டாம். எழுது.

குல்சும்

யெனிகுயு
28 ஆகஸ்ட் 1974

அண்ணா,

நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேல்மண்ணை லேசாகக் கிளறிக் களையைக் கொன்றேன். இரண்டு மாதமாக ஒரு துளி இல்லை. இன்று இரும்புக் கம்பியை எடுத்துப்போய் ஹாஜியின் தரிசில் குத்தினேன். ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. இத்ரிஸ் தொங்கிப் பார்த்தான், அசையவில்லை. நம் வயலில் குத்தினேன். கைப்பிடி வரை போனது அண்ணா! வெண்ணெயில் போவதுபோல! உருவிப் பார்த்தால் நுனியில் ஈரமண்.

இதற்காகவாவது நாலு வரி எழுது.

குல்சும்

யெனிகுயு
21 அக்டோபர் 1974

அண்ணா,

முளைத்துவிட்டது! ஈரம் தொடும் ஆழத்தில் விதைத்தேன், பதினோராம் நாள் வயல் முழுக்கப் பச்சை. இன்னும் மழை இல்லை. ஊரில் மற்றவர்களின் விதையெல்லாம் புழுதியில் கிடக்கிறது, எறும்பு இழுத்துப்போகிறது. நேற்று வரப்பில் இருபது பேர் நின்றார்கள். "அடுத்த மார்ச்சில எங்களுதையும் உழுதுடலாமா?" என்று அவர்களே கேட்டார்கள்.

இன்று காலை ஹாஜி காப்பிக்கடையில் உன் கடிதத்தை உரக்க வாசித்தாராம். பெண்கள் அங்கே போக முடியாதே, இத்ரிஸ்தான் ஓடிவந்து சொன்னான். அறுவடை முடிந்ததும் வயலை அவர் பொறுப்பில் விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறாய். ஆறு மாதமாக எனக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை, அவருக்கு இரண்டு பக்கம்.

ஆட்டுக்காரனுக்குத் தரிசு தேவைப்பட்டபோது அது ஊர் வழக்கம். நம் வயலில் ஈரம் நிற்பது தெரிந்ததும் நிலமே தேவைப்படுகிறது. இதைக்கூடவா உன்னால் பார்க்க முடியவில்லை?

சட்டப்படி பாதி எனக்கு. பத்திரம் உன் பெயரில் மட்டும் இருக்கிறது. புத்தாண்டு விடுமுறைக்கு வா. பதிவு அலுவலகத்தில் நின்று பாதியை என் பெயரில் எழுதிக் கொடு.

வருகிறாயா இல்லையா, எனக்கு எழுது. ஹாஜிக்கு அல்ல.

குல்சும்