ஒன்பது நாள் முன்னாடியே அசைந்த விரல்

இதையெல்லாம் நான் அப்பவே சொல்லியாச்சு, உனக்கே தெரியும் நண்பா. இன்று காலை கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி படிக்கும் என் தங்கை மகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, “மாமா, மூளை நினைச்சது விரலுக்குப் போய்ச் சேர கண் சிமிட்டுற நேரம்கூட ஆகாதாம்” என்றாள்.

“எட்டாங்கிளாஸ்லயே கண்டுபிடிச்சவன் நான். நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே என் ஸ்ட்ரைக்கர் கிளம்பிடும். எங்க ஸ்ரீராம்புரம் ஏரியாவே சாட்சி” என்றேன். அவள் சிரித்தாள். பவுடர் வாசனையில் நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

பக்கவாதத்தில் என் வலது கை மடியில் செத்துக் கிடந்த நாட்கள். நாலு டாக்டர்கள் கூடி என்னைப் பார்த்து அசந்துபோனார்கள். சரி, ஒருத்தர்தான். கை திரும்புமா என்று கேட்டால் அவரும் கூரையைப் பார்த்தார். நீ மட்டும் ஒக்கலிபுரத்திலிருந்து தினமும் சாயந்திரம் நடந்து வருவாய். ஸ்டூலில் வைத்த போர்டின் ஓரத்தை என் முழங்கால்மேல் சாய்த்து, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் என் விரலை மடக்கி வைப்பாய். ரயில்வேயில் சிக்னல் ஒயர் பார்த்த ஆள் நீ. பெங்களூர் வாய், எல்லோரும் உனக்கு ‘குரு’தான்.

“லைன் சாகல குரு. எங்கேயோ விட்டிருக்கு. இந்த முனையிலிருந்து அனுப்பிட்டே இரு, அந்த முனையில நான் உட்கார்ந்திருக்கேன்.”

நினைப்பேன். வேர்த்துக் கொட்டும். விரல் கல்லு மாதிரி இருக்கும்.

“என்ன குரு, மெசேஜ் மெஜஸ்டிக் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?”

ஒரு நாள் நீ கிண்டல் பண்ணவில்லை. “நாளைக்கு வருவேனான்னு தெரியல குரு” என்று போர்டை எடுக்கக் குனிந்தாய். நம்பிக்கை விட்டுப்போனது முகத்திலேயே தெரிந்தது. “இன்னொரு தடவை வை” என்றேன். வைத்தாய். ஸ்ட்ரைக்கர் ஒரு இஞ்ச் நகர்ந்தது. நீ போட்ட கத்தலில் பக்கத்து வீட்டம்மா என்ன ஆச்சோ என்று பதறி, “ஏனாய்த்து?” என்று கன்னடத்தில் கேட்டபடி ஓடிவந்தார்.

இந்தக் கதையை மல்லேஸ்வரம் வரைக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல ஒரு இஞ்ச் ஒரு முழமாகி, இப்போது ரெட் காயினே பாக்கெட்டில் விழுகிறது.

நீ போய் இரண்டு வருஷம். இதை எழுதுவது அதே வலது கைதான். எழுத்து கோணல், ஆனால் இவ்வளவு அழகான கோணல் ஊரில் வேறு யாருக்கும் வராது. உன் ஸ்ட்ரைக்கர் என் சட்டைப்பையில்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. அன்று விரல் அசையவில்லை குரு. இடது முழங்காலைத் தூக்கிப் போர்டை அடியிலிருந்து இடித்தேன். நீ மறுநாளும் வரவேண்டுமே. வந்தாய். விரல் நிஜமாக அசைந்தது அதற்கு ஒன்பதாம் நாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை.

“பழைய நியூஸ் குரு. அடுத்த காயை அடி.”