சும்மாதான் வந்தேன்

அண்ணே,

நேற்று காலை கொடியில் காய்ந்த என் வேட்டியை மருமகள் எடுத்து உதறினாள். வேட்டி முழுக்கக் கரிப்பொட்டு. கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டுக்குப் பின்னால் ஏதோ புதுத் தொழிற்சாலை வந்திருக்கிறது, அதன் உபயம். "இன்னா மாமா இது, பேஜாரா கீது! போய்க் கேக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். நான் கரியை விரலால் தேய்த்தபடி நின்றேன், அது இன்னும் பரவியது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் சாவுக்கு வந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் நேற்றும் இருந்தது.

திருவாலங்காட்டுப் பக்கம் நான் நெல் மில் போட்டபோது நமக்கு நடுவே ஒரே வரப்புதான். அந்தப் பக்கம் உங்கள் மல்லித் தோட்டம், இந்தப் பக்கம் என் பாய்லர். நெல் புழுக்க உமியைத்தான் எரிப்போம். புகைபோக்கியோ குட்டை. விடியற்காலைப் பனி ஈரத்தில் உமிக்கரி மொக்குகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவினால் மொக்கு கெட்டுவிடும். கழுவாவிட்டால் யார் வாங்குவார்கள்?

மூன்று முறை மில்லுக்கு வந்தீர்கள்.

"இன்னாண்ணே, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான் வந்தேன்."

துண்டின் முனையை அவிழ்த்துக் கை நிறைய மொக்கு எடுத்து என் மேஜைமேல் வைப்பீர்கள். எல்லாம் கரி படிந்தவை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். காபி குடித்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேசுவீர்கள். எழுந்து போகும்போதுதான், "அந்தப் புகைபோக்கிய கொஞ்சம் ஒசத்தினா ஒனக்கு உமி மிச்சமாவும் தம்பி" என்று என் நன்மைக்குச் சொல்வது போலச் சொல்வீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. நம் பக்கத்தில் குறை சொல்ல வருகிறவன் எவன் 'குறை சொல்ல வந்தேன்' என்கிறான்? பக்கத்து நிலத்துக்காரன் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்கு ஒரே வாய்க்காலில் எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது? எல்லாம் தெரிந்துதான் அந்த மொக்குகளைக் குப்பையில் தள்ளினேன். புகைபோக்கியை உயர்த்த மில்லை இரண்டு நாள் நிறுத்த மனசில்லை, அவ்வளவுதான்.

கரி ஒட்டிய பூவைப் பெருமாளுக்குச் சாத்த முடியாது என்று திருவள்ளூர்க் கோயிலில் உங்கள் பூவை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அப்பா காலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த பூ. அதற்குப் பிறகுதான் கோர்ட்டுக்குப் போனீர்கள். நோட்டீஸைப் பார்த்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "காபி குடிச்சிகினு போன மனுஷன் கேஸு போடறாரா?" என்று மில் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

கூண்டில் நின்ற உங்களை என் வக்கீல் கேட்டார். "புகை தொந்தரவாக இருக்கிறது என்று இவரிடம் எப்போதாவது போனீரா?"

"மூணு தபா போனேங்க."

"போய் என்ன சொன்னீர்?"

என்னைப் பார்த்தீர்கள். "சும்மாதான் வந்தேன்னு சொன்னேங்க."

கோர்ட்டே சிரித்தது. ஏண்ணே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? மொக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே! கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நின்றீர்கள். மிச்சத்தை நான் சொல்வேன் என்று நம்பினீர்களோ என்னவோ.

அடுத்து நான் ஏறினேன். "இவர் எதற்காக உம்மிடம் வந்தார்?" என்று உங்கள் வக்கீல் கேட்டார்.

"சும்மா வந்துட்டுப் போவாருங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. உண்மையிலேயே தொல்லையாக இருந்திருந்தால் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பார் என்று வழக்கு தள்ளுபடியானது. திரும்புகாலில் இருவருக்கும் ஒரே பஸ். நான் நிற்பதைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தீர்கள்.

அந்தக் கோடையில் மல்லிச் செடிகளை நீங்களே வேரோடு வெட்டிப் போட்டீர்கள். மண்வெட்டிச் சத்தம் மில்லுக்குள் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

மறுவருஷம் பாய்லர் சரியாக எரியவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் புகைபோக்கியை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம். கரி உங்கள் நிலத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. நீங்கள் வரப்பில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தீர்கள்.

"பொகைய நல்லா இழுக்குதா தம்பி?"

குத்திக்காட்டவில்லை நீங்கள். குத்தியிருந்தால் தேவலை. "இழுக்குதுண்ணே" என்றேன். உங்கள் பக்கம் அப்போது ஒரு செடிகூட இல்லை.

இரண்டே நாள் வேலை அண்ணே அது. எதுவும் உறைக்காமல் போன எனக்கு அது மட்டும் இன்னும் உறைக்கிறது.