தண்ணீர் ஊற்றிய கேரட் ஊறுகாய்

முத்தையாபுரம்,
பங்குனி உத்திரம் கழிந்த புதன்கிழமை.

அன்பு மகன் மாரிச்செல்வத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் திருச்செந்தூரான் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் இட்செலும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீதான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்ததும் அம்மா போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள், மணி அடித்து ஓய்ந்ததும் வேலையாக இருப்பான் என்று அவளே சொல்லிக்கொண்டு திரும்பவும் சார்ஜில் போட்டுவிடுகிறாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நேரில் பேசினாலும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை, எழுதும்போது கொஞ்சம் நிதானம் வருகிறது. முடித்ததும் பக்கத்து வீட்டு ஜெனிலா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சாக்குச் சொல்லாதே.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் வலது முட்டி மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகிறது, டாக்டர் எடையைக் குறையுங்கள் என்றார், உன் அம்மா சமைக்கிற வீட்டில் இருந்துகொண்டு எடையை எப்படிக் குறைப்பது என்று கேட்டேன், சிரித்துவிட்டார். ஏரல் சித்தப்பா வீட்டில் இந்த வருஷம் வாழை நன்றாக வந்திருக்கிறது, தார் ஒன்று கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார்கள், தின்ன ஆளில்லாமல் தெருவெல்லாம் கொடுத்தோம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, உப்பளத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

இனி கேரட் விஷயத்துக்கு வருகிறேன். நீ மனதில் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். பொங்கல் முடிந்து இட்செல் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆசையாக அவர்கள் ஊர் முறையில் கேரட் ஊறுகாய் ஒரு பாட்டில் போட்டு வைத்துவிட்டுப் போனாள், அம்மா அதைக் கீழே கொட்டிவிட்டு அதே பாட்டிலில் தன் ஊறுகாயைப் போட்டு வீடியோவில் அவள் முகத்துக்கு நேரே காட்டினாள், இதுதானே. பாட்டிலைக் காட்டச் சொல்லிக் கேட்டதே அந்தப் பிள்ளைதான். சிவப்பாக எண்ணெய் மிதந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப் போனதை நானும்தான் பார்த்தேன். அவள் எழுந்து போனாள், நீ கத்தினாய், அவ போட்டதக் கொட்டுன மாதிரி அவளையும் கொட்டிருவியளான்னு நீ கேட்ட வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது. அம்மா பாட்டிலை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நானும் உன் கட்சிதான். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போன நாட்டிலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டாய் என்ற கோபம் அவளுக்கு உண்டு, பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோதும் அவள் அந்தப் பிள்ளையிடம் வாய் திறந்து பேசவில்லை, சாப்பிடு, குளி என்று கையைக் காட்டியதோடு சரி. அந்த ஆத்திரத்தைக் கேரட்டில் தீர்த்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து மாடியில் துணி எடுக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். எதுக்குளா இப்படிப் பண்ணுன, பிடிக்கலன்னா ஓரமா வச்சிருக்க வேண்டியதுதான, என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கூறு கெட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். யாரு பிடிக்கலன்னு சொன்னா, அது பூராவும் தண்ணியால்லா கெடந்துச்சு, தண்ணி நின்னா பூசணம் பூத்துரும்லா, அந்தப் புள்ள மறுபடி வாரதுக்கு ஒரு வருசம் ஆகும், அதுவரைக்கும் இருக்க வேண்டாமா, என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் ஒரு துண்டைக்கூடக் கீழே கொட்டவில்லை. தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, கேரட்டு, வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாவற்றையும் சுளகில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்து, காக்காய்க்குக் காவல் இருந்து, வெந்தயம் வறுத்துப் பொடித்து, மிளகாய்ப்பொடி சேர்த்து, நல்லெண்ணெய் காய்ச்சி ஆறவைத்து ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, உனக்கு என்று வருஷா வருஷம் எடுத்து வைக்கிற நார்த்தங்காய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அந்த அலமாரியில் எனக்கே இடம் கிடையாது, நான் அன்றாடப் பாட்டிலில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ அடுத்த தடவ வரும்போது நீ போட்டது இன்னும் இருக்கு பாருன்னு எடுத்து முன்னால வைக்கணும்னு நெனச்சேன், என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாரி.

நீ இந்த வீட்டில் வளர்ந்தவன்தானே, யோசித்துப் பார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஊறுகாய் ஜாடிப் பக்கம் போனால்கூட ஏச்சு விழும், கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்காது. அப்படிப்பட்டவள் கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை டம்ளர் நிறையத் தண்ணீரை மொண்டு ஊறுகாய்ச் சட்டியில் ஊற்றினால் அவளுக்கு எப்படி இருக்கும். அதனால்தான் அன்றைக்கு அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், நீ அதை அடுப்பைத் தொடாதே என்று தள்ளிவிட்டதாக எடுத்துக்கொண்டாய், அவளும் பாவம் அப்படித்தான் நினைத்திருப்பாள். நல்ல பொருள் வீணாகப் போகிறதே என்று பதறிப் பிடித்த கை அது. நெருப்புப் பக்கம் போன பிள்ளையைப் பிடிப்பது மாதிரிதான். அவர்கள் ஊரில் புளிப்பில் மூழ்கவைத்துக் காப்பாற்றுகிறார்கள், நாம் வெயிலில் காயவைத்து எண்ணெயில் காப்பாற்றுகிறோம். இரண்டு பேருக்கும் எண்ணம் ஒன்றுதான், கெட்டுப்போகக் கூடாது. இதை எடுத்துச் சொல்ல இந்த வீட்டில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான் இருந்தாய். நீ அப்போது முன்கட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தாய், அப்புறம் வந்து கத்தத்தான் செய்தாய். உன்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அம்மா அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னாயே, பேசவில்லைதான். ஆனால் அந்தப் பிள்ளை ஊறுகாய் போட்ட முழு நேரமும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போன சனிக்கிழமை ஒருவரிடமும் கேட்காமல் தானாகவே அந்தக் கேரட்டைப் போட ஆரம்பித்தாள். சாம்பாருக்கு வெட்டுவது போல் வட்டமாக வெட்டப் போன கையை நிறுத்தி, அவ சாச்சு வெட்டுனால்லா என்று சொல்லிக்கொண்டே சாய்வாக வெட்டினாள். சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு உரித்த பூண்டை முழுசாகப் போட்டு, வெங்காயத்தைத் தடிமனாக அரிந்து போட்டு, மிளகு போட்டு, வாசனை வந்ததும் கேரட்டையும் கீறின பஜ்ஜி மிளகாயையும் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டினாள். வேகவிடக் கூடாது, கடித்தால் சத்தம் வரணும், அந்தப் பிள்ளை ஒரு துண்டைக் கடித்துக் காட்டித் தலையை ஆட்டியதாம், அதைக்கூட எனக்கு நடித்துக் காட்டினாள். பிரிஞ்சி இலை, கல்லுப்பு, தொட்டியிலிருந்து கற்பூரவல்லி நாலு இலை. அவர்கள் ஊரில் போடுகிற ஏதோ ஒரு இலை வாசனை இதில் இருக்கிறதென்று இட்செல் முகர்ந்து முகர்ந்து பார்த்தாளே, அந்தத் தொட்டிதான். வினிகரை ஜெனிலா கொடுத்தாள், அவர்கள் மணப்பாட்டுக்காரர்கள், மீனுக்கும் கறிக்கும் வினிகர் ஊற்றுகிறவர்கள், வீட்டில் எப்போதும் இருக்கும். எல்லாம் சரியாக வந்தது, தண்ணீர் ஊற்றுகிற இடம் வந்ததும் அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஊற்று என்றேன், ஊத்துதேன் என்றாள், கை போகவில்லை. கடைசியில் அரை டம்ளர்கூட இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

ஆறவைத்துப் பாட்டிலில் அடைத்து மறுநாள் தின்று பார்த்தோம். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறி எனக்குப் பேச்சு வரவில்லை, அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. ஜெனிலா வந்து ஒரு துண்டு தின்றுவிட்டு, தண்ணி பத்தல பெரிம்மா, வினிகருக்குச் சரிக்குச் சரி ஊத்தணுமோ என்னவோ, ஃப்ரிட்ஜில வச்சாலும் கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும், என்றாள். அம்மாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளைக்குத்தான்னா அப்புறம் எதுக்கு அந்தப் புள்ள இவ்வளவு பாடுபட்டுப் போட்டு வச்சிட்டுப் போச்சு, என்று என்னிடம் கேட்டாள். உடனே தின்னத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள், உனக்காகப் போட்டது, அவள் வரும்வரை எடுத்து வைப்பதற்குப் போட்டது இல்லை, என்று சொன்னேன். பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, நான் ஒரு துண்டுகூட வாயில போடலியே, என்றாள்.

உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். அர்ச்சனைக்கு உன் பேரோடு அவள் பேரையும் அம்மாதான் சொன்னாள், சொல்வதற்குள் நாக்கு மூன்று இடத்தில் இடறியது. நட்சத்திரம் என்ன என்று பூசாரி கேட்டார். அம்மா அசரவில்லை, உன் நட்சத்திரத்தையே அவளுக்கும் சொல்லிவிட்டாள். சாஸ்தா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீயும் எடுத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கு அவள் பாஷையில் உட்காரவைத்து வாசித்துச் சொல். எதையும் விடாதே, பூசணம் பூத்துவிடும் என்பது உட்பட. உடம்பைப் பார்த்துக்கொள், உன் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, இரவு வேலை என்றால் பகலில் நன்றாகத் தூங்கு, கையில் காசு இருக்கிறதென்று வெளியிலேயே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், முருகன் துணை இருப்பான், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை, எங்களுக்கு விளக்கு வைத்த நேரம், வீடியோவில் போன் அடிப்போம், எடுத்து இட்செலிடம் கொடுத்துவிடு. பேச்சு ஒன்றும் வேண்டாம், இரண்டு பேருக்கும் வராது. அம்மா கேரட்டை வெட்டி வைத்து அடுப்புப் பக்கத்தில் டம்ளரோடு நிற்பாள். அவள் ஊற்ற ஊற்ற அந்தப் பிள்ளை போதும் என்று கையைக் காட்டட்டும், அதுவரைக்கும் நிறுத்துவதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா செல்லப்பாண்டி.

அம்மா தன் பேரையும் போடச் சொல்கிறாள், எப்படிப் போடணும் என்று கேட்டேன், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:
இட்செலுக்கு அத்தை, சண்முகத்தாய்.